பலா இலை மேல் விழுந்த பழி: ரோஸ் ஹில்லில் ஒரு லோ சுகர் கேஸ்

பெண், வயது 58, எடை 62 கிலோ, மொரிஷியஸ் தீவின் ரோஸ் ஹில் பக்கத்தில் வீடு. ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டைப் 2 சர்க்கரை பதினோரு வருடமாக உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிற மெட்ஃபார்மின் 850, க்ளிக்லசைட் 80, இரண்டும் காலையும் மாலையும். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு, 8.4. சிறுநீரகம் நன்றாக இருந்தது. இதுவரைக்கும் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. மொரிஷியசில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது, 1987-இல் முதல் தேசியக் கணக்கெடுப்பு நடந்ததிலிருந்தே வெளிநாட்டு சர்க்கரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்து பார்க்கிற தீவு இது.

புதிது எதுவென்றால், சர்க்கரை இறங்கித் தடுமாறிய இவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தும் அளவு ஏறவே இல்லை. வீட்டில் எல்லாரும் சேர்ந்து பலா இலைக் கஷாயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரிகிற சில்லறை விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் பார்மசிஸ்ட், டாக்டர் இல்லை. கீழே வருகிற சிகிச்சை முடிவுகள் எதுவும் என்னுடையவை அல்ல.

அன்று மாலை

தைப்பூசக் காவடிக்கு கரேம், அதாவது விரதம், இருந்த நாட்கள். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் சைவம். இவர் அதற்கு மேலும் ஒரு படி போய் மதியம் மட்டும் முழுச் சாப்பாடு, காலையில் டீ, இரவில் ஒரு வாழைப்பழம் என்று வைத்துக்கொண்டார். எட்டாம் நாள் மாலை மாத்திரையைப் போட்டுவிட்டு, வந்து பழம் சாப்பிடலாம் என்று கோவிலுக்கு நடந்து போனார். திரும்பி வரும்போதே கை நடுக்கம், நெற்றியெல்லாம் வியர்வை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றத் தெரியாமல் நின்றிருக்கிறார், மகள் கேட்டதற்கு சம்பந்தமில்லாமல் ஏதோ பதில்.

மகள் கெட்டிக்காரி. உடனே விரலைக் குத்திப் பார்த்தார்: 2.6. இங்கே மில்லிமோல் கணக்கு, தமிழ்நாட்டுக் கணக்கில் 47. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு பெரிய கரண்டி சர்க்கரை கரைத்துக் கொடுத்தார். பதினைந்து நிமிடம் கழித்து 2.7. இன்னொரு டம்ளர். மறுபடி பதினைந்து நிமிடம், 3.0. சாதாரணமாக இந்நேரம் நாலைத் தாண்டியிருக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு போன் வந்தது.

"அண்ணா, மெஷின் கெட்டுப்போச்சா, இல்லை அந்த இலையா?"

"எந்த இலை?" என்று கேட்கவே எனக்கு அவகாசம் இல்லை. புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்றுதான் கேட்டேன். இந்தியாவிலிருந்து வந்த மாத்திரை ஒன்று என்றார், அட்டையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். அதில் கடைசிப் பெயர் வோக்லிபோஸ். சரி, சர்க்கரையை நிறுத்துங்கள், குளுக்கோஸ் பவுடர் கொடுத்தனுப்புகிறேன், அதற்குள் ஆம்புலன்சுக்கு 114-இல் பேசுங்கள் என்றேன். மகன் ஓடி வந்து வாங்கிப் போனான். பதினைந்து கிராம் குளுக்கோஸ் உள்ளே போன கால் மணி நேரத்தில் 4.4. சாமு ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் உட்கார்ந்து, எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கும் நிலையில் இருந்தார். ஆனாலும் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்தார்கள், அதுதான் சரி. க்ளிக்லசைட் வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை ஏறினாற்போல் ஏறி மறுபடி இறங்கும். நள்ளிரவில் ஒரு முறை 3.4-க்கு இறங்கவும் செய்தது.

பையில் இருந்தவை

மறுநாள் மகள் மருந்துப் பையை அப்படியே என் மேஜையில் கொட்டினார். ஆஸ்பத்திரி மெட்ஃபார்மின், ஆஸ்பத்திரி க்ளிக்லசைட், மூட்டு வலிக்கு ஒரு தைலம், அப்புறம் சென்னை மாத்திரை. டிசம்பரில் முழங்காலைக் காட்டச் சென்னை போனவர், அங்கே சர்க்கரையும் பார்த்து எழுதிக் கொடுத்ததை வாங்கி வந்திருக்கிறார். ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்து: க்ளிமிபிரைடு 2 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500, வோக்லிபோஸ் 0.2. காலையும் மாலையும்.

பழையதுக்குப் பதிலாக இது என்று அங்கே சொன்னார்களா, பழையதோடு இது என்று இவர் புரிந்துகொண்டாரா, இப்போது யாருக்கும் நினைவில்லை. நடந்தது என்னவென்றால் இரண்டையும் சாப்பிட்டார். க்ளிக்லசைடும் க்ளிமிபிரைடும் ஒரே குடும்பம், சல்ஃபோனைல்யூரியா. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறவை, சாப்பிட்டாயா இல்லையா என்று பார்க்காமல் சுரக்க வைக்கிறவை. மெட்ஃபார்மினும் இரட்டைதான், கூட்டினால் நாளுக்கு 2700 மில்லிகிராம். மூன்று வேளையும் சாப்பிட்ட வரைக்கும் சாயங்காலத்தில் லேசான பசி மயக்கம் என்ற அளவில் ஓடிக்கொண்டிருந்தது. விரதம் வந்ததும் தாங்கவில்லை.

ஆக, சர்க்கரை ஏன் இறங்கியது என்பதற்கு இலை வரைக்கும் போகவே தேவையில்லை. ஏன் ஏறவில்லை என்பதுதான் சுவாரசியமான பாதி.

நாம் சாப்பிடுகிற சோற்று மாவு நீளமான குளுக்கோஸ் சங்கிலி. எச்சிலிலும் கணைய நீரிலும் இருக்கும் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. சிறுகுடல் சுவரில் ஒட்டியிருக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதிகள் அந்தத் துண்டுகளைத் தனித்தனி குளுக்கோஸாக உடைக்கின்றன, அதற்குப் பிறகுதான் ரத்தத்தில் ஏறும். கரும்புச் சர்க்கரையும் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்த ஒரு நொதி உடைத்தால்தான் உள்ளே போகும். வோக்லிபோஸ் இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் மடக்குகிறது, அமைலேசை அவ்வளவாகத் தொடுவதில்லை. இதே வகை மருந்தான அகார்போஸ் இரண்டையும் மடக்கும். இவற்றில் ஒன்றைச் சாப்பிடுகிறவருக்கு லோ சுகர் வந்தால் சீனி, வெல்லம், கற்கண்டு எல்லாம் குடலிலேயே காத்துக் கிடக்கும்; உடைக்கத் தேவையில்லாத நேரடி குளுக்கோஸ்தான் வேண்டும். அது கைவசம் இல்லையென்றால் தேன் பரவாயில்லை, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே உடைந்த குளுக்கோஸ் உண்டு. நினைவு தப்பினவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது.

இலை எங்கிருந்து வந்தது

வாட்சப்பில் வந்த ஒரு குரல் பதிவு. பலா இலை இன்சுலினுக்குச் சமம், மொரிஷியஸ் பல்கலைக்கழகமே கண்டுபிடித்தது, ஏழெட்டு முற்றின இலையைக் கொதிக்க வைத்துக் காலையில் குடி. இந்த ஊரில் தீசான், அதாவது மூலிகைக் கஷாயம், இல்லாத வீடு கிடையாது. போர்ட் லூயி சந்தையில் மூலிகைக் கட்டு விற்கிற கடைகளுக்கு இன்றும் கூட்டம் இருக்கிறது. பலா மரம் பக்கத்து வீட்டிலேயே நிற்கிறது. ஜனவரி தொடக்கத்தில் ஆரம்பித்தவருக்கு சில நாளிலேயே வயிறு உப்புசம், காற்று பிரிதல். "வயித்த சுத்தம் பண்ணுது, வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்ல, நம்பிக்கை கூடிவிட்டது. உண்மையில் அது வோக்லிபோஸின் கையெழுத்து. சிறுகுடலில் உடையாத மாவு பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியா அதைத் தின்று காற்றாக்குகிறது. உலகம் முழுக்க இந்த வகை மருந்தைப் பாதிப் பேர் கைவிடுவது இதனால்தான் என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் என் கவுண்டரில் நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

குரல் பதிவு முழுப் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். 2006-இல் மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான அமீனா குரிப்-ஃபாகிமும் அவர்களில் ஒருவர், இங்கே சர்க்கரைக்குக் குடிக்கிற ஏழு செடிகளின் சாற்றை அமைலேஸ் நொதியோடு வைத்துப் பார்த்து வெளியிட்டார்கள். பலா, வில்வம், வேம்பு, நாவல், இங்கத்திய பழ மரங்களான வவாங், பிபாஸ், மணியாகக் கோக்கிற விதையுள்ள ஒரு புல். ஏழில் பலா இலை மட்டும்தான் தேறியது. ஊரே சத்தியம் செய்கிற நாவலும் வேம்பும் தேறவில்லை. (அதற்காக அவை எந்த வழியிலும் வேலை செய்யாது என்று ஆகிவிடாது, இந்த ஒரு நொதியை அவை மடக்கவில்லை, அவ்வளவுதான்.)

இனி எண்களைப் பார்ப்போம், ஏனென்றால் குரல் பதிவில் விட்டுப்போனது அதுதான். எலியின் ரத்த பிளாஸ்மாவில் வைத்துப் பார்த்தபோது கிடைத்த அதிகபட்சத் தடை 27 விழுக்காடு, அதுவும் மில்லிலிட்டருக்கு 1000 மைக்ரோகிராம் செறிவில். சாற்றைக் கூட்டக் கூட்டத் தடையும் கூட வேண்டும், மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும். அந்த ஒழுங்கு அங்கே தென்படவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். தடை போட்டி வகை என்றும் கண்டார்கள். அதாவது நொதியில் மாவு உட்காருகிற அதே நாற்காலிக்குச் சாறும் போட்டியிடுகிறது. போட்டி வகைத் தடையில் ஒரு சிக்கல்: மாவு நிறைய வந்தால் அது ஜெயித்துவிடும். காவடி முடிந்து வாழை இலையில் ஏழு கறியோடு குவிகிற சோற்றுக்கு முன்னால் ஒரு கப் கஷாயம் எந்த மூலைக்கு? நேர்மையான, அடக்கமான ஆய்வு அது. பலா இலை சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைக்கக்கூடும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. இன்சுலினுக்குச் சமம் என்றது வாட்சப்.

மனிதரிடம் பார்த்த ஆய்வும் உண்டு, 1991-இல் இலங்கையில். பலா இலை வெந்நீர்ச் சாறும் நீர்முள்ளிச் சாறும், சர்க்கரை உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் குளுக்கோஸ் தாங்கும் திறனைக் கூட்டின. அளவைப் பாருங்கள்: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 கிராம் இலை என்ற கணக்கு. நம் ஆளுக்கு 62 கிலோ, அப்படியானால் 1240 கிராம் இலை. அவர் கொதிக்க வைக்கிற இலைகளை எடுத்துவரச் சொல்லித் தராசில் வைத்தேன், நாற்பது கிராமைத் தாண்டவில்லை. முப்பதில் ஒரு பங்கு. இன்னொன்று, அது குளுக்கோஸையே குடிக்க வைத்துப் பார்த்த சோதனை, மாவைக் கொடுத்து அல்ல. ஆகவே அங்கே இலை ஏதாவது செய்தது என்றால் அது அமைலேசை மடக்கிச் செய்தது அல்ல, வேறு ஏதோ வழி. இரண்டு ஆய்வையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு "அறிவியல் நிரூபித்தது" என்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இடையில் வருகிற பலாக்காய் மாவு வேறு கதை. 2021-இல் இந்தியாவில் 40 பேரிடம் நாளுக்கு 30 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்து எச்பிஏ1சி குறைந்ததாகக் காட்டினார்கள். அது காய், இலை அல்ல. சோற்று மாவுக்குப் பதிலாகக் காய் மாவு.

அப்போ இலை குற்றவாளியா? என் முடிவு: இல்லை. அளவு போதாது. அதைவிட முக்கியம் நேரம். நொதித் தடுப்பான் சாப்பாட்டோடு ஒரே சமயத்தில் குடலில் இருந்தால்தான் வேலை செய்யும், அதனால்தான் அகார்போஸை முதல் கவளத்தோடு சாப்பிடச் சொல்கிறோம். இவர் கஷாயம் குடித்தது காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில். மயக்கம் சாயங்காலம். அதோடு நொதித் தடுப்பான் தனியாக லோ சுகரை உண்டாக்குவது அரிது, அது ஏறுவதைத் தாமதப்படுத்தும், இறக்காது.

சோதனைக் குழாயிலிருந்து தட்டு வரைக்கும்

இந்த கேஸுக்குப் பிறகு செடிச் சாறும் நொதியும் பற்றி வந்த கட்டுரைகளைத் தேடிப் படித்துக்கொண்டே இருந்தேன், எரிச்சலும் வந்தது. வாரத்துக்கு ஒரு இலை "அகார்போஸைவிடப் பல மடங்கு வலுவானது" என்று வருகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றே: சோதனைக்கு எடுப்பது ஈஸ்ட்டிலிருந்து வாங்கிய ஆல்ஃபா குளுக்கோசிடேஸ், அதுதான் மலிவு. ஆனால் அகார்போஸ் ஈஸ்ட் நொதியை மிக மோசமாகத்தான் மடக்கும். அது மடக்குவது பாலூட்டிகளின் குடல் நொதியை. நொண்டுகிறவனோடு ஓடி ஜெயித்துவிட்டுப் பதக்கம் கேட்கிற மாதிரி. எலிக் குடல் நொதியில் வைத்தால் பல சாறுகளின் பெருமை அங்கேயே கரைந்துவிடும். துவர்ப்புள்ள இலைகளில் இன்னொரு ஏமாற்று: டானின் எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும், நொதியையும் சேர்த்துத் திரளவைக்கும். குழாயில் அது "தடை" என்று பதிவாகும். வயிற்றில் பருப்புப் புரதமும் சேர்ந்து இருக்கும்போது அந்த டானின் பருப்போடு ஒட்டிக்கொண்டு போய்விடலாம்.

அமைலேஸைத் தடுப்பது கேட்க எளிது, செய்ய எளிதில்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெள்ளைப் பீன்ஸிலிருந்து எடுத்த மாவுத் தடுப்பு மாத்திரைகள் அமோகமாக விற்றன. குழாயில் பிரமாதமாக வேலை செய்தவை. 1982-இல் மனிதர்களுக்கு மாவுச் சாப்பாடும் மாத்திரையும் கொடுத்து மலத்தில் வெளியேறிய கலோரியை அளந்தார்கள், மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் வித்தியாசமே இல்லை. கணையம் தேவைக்குப் பல மடங்கு அதிகமாக அமைலேஸைக் கொட்டுகிறது, கொஞ்சத்தை மடக்கினால் மீதி வேலையை முடித்துவிடும். அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. அந்தத் தடுப்புப் பொருளையே செறிவாக்கிச் சுத்தப்படுத்திக் கொடுத்தபோது மனிதக் குடலிலும் வேலை செய்தது என்று பின்னால் காட்டினார்கள். அதாவது யோசனை தப்பில்லை, அளவுதான் தப்பு. 27 விழுக்காடு என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது இதுதான்.

செடியிலிருந்து ஒன்றுமே வராது என்று சொல்லவில்லை. நம் சித்த மருத்துவத்தில் மதுமேகத்துக்குச் சொல்லும் கடலழிஞ்சில், இலங்கையில் அதன் கட்டையைக் குடைந்து குவளை செய்து இரவெல்லாம் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிப்பார்கள். 1990-களின் பிற்பாதியில் ஜப்பானியர் அதிலிருந்து சலாசினால் என்ற பொருளைப் பிரித்து, அது குடலின் ஆல்ஃபா குளுக்கோசிடேஸை மடக்குகிறது என்று காட்டினார்கள். அதே இனத்தின் இன்னொரு செடியின் சாறு ஒரு கிராம் கொடுத்துப் பார்த்த மனித ஆய்வில் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் குளுக்கோஸ் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது, கூடவே மூச்சில் ஹைட்ரஜன் ஏறியது. எனக்குப் பிடித்தது அந்த ஹைட்ரஜன்தான். மாவு நிஜமாகவே பெருங்குடலுக்குப் போனது என்பதற்கு அது சாட்சி. எந்த இலையாவது நொதியை மடக்குகிறது என்று யாராவது வந்து சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, மூச்சில் ஹைட்ரஜன் பார்த்தீர்களா என்பதே. பெரிய வேடிக்கை, கடையில் விற்கிற தடுப்பு மருந்துகளின் மூலம் எதுவும் இலை இல்லை. அகார்போஸும் வோக்லிபோஸின் மூலப்பொருளும் மண் பாக்டீரியாவிலிருந்து வந்தவை.

மருந்தாக இவை எவ்வளவு தூரம் போகும் என்பதும் தெரிந்ததே. 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்களில் அகார்போஸ் சாப்பிட்டவர்களுக்கு நோயாக மாறுவது கால் பங்கு குறைந்தது. 2017-இல் சீனாவில் இதய நோயுள்ள 6522 பேரிடம் பார்த்தபோது மாரடைப்பு முதலியவற்றைக் குறைக்கவில்லை. சுத்தமான, அளவு தெரிந்த மருந்துக்கே இவ்வளவுதான் பலன்.

பின்தொடர்ந்தது

ஆஸ்பத்திரி டாக்டர் சென்னை மாத்திரையை நிறுத்தி, மெட்ஃபார்மினோடு க்ளிக்லசைடைக் காலை மட்டும் என்று குறைத்தார். இலையை விட மாட்டேன் என்று இவர் பிடிவாதம். சரி, அளந்து பார்ப்போம் என்று டாக்டரிடமும் சொல்லிவிட்டு ஒரு சின்ன ஏற்பாடு: மதியம் ஒரே அளவு சோறு, அதே பருப்பு, கீரை. சில நாள் முதல் கவளத்துக்குச் சற்று முன்னால் கஷாயம், சில நாள் வெறும் வெந்நீர். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் ஒரு குத்து, இரண்டில் ஒரு குத்து. ஒரு மணி நேரம் முக்கியம், தாமதப்படுத்துகிற மருந்து அங்கேதான் முகம் காட்டும். காலை வெறும் வயிற்று அளவில் அதைத் தேடுவது வீண்.

ஒரு மணி நேரத்தில் கஷாய நாட்களில் 10.2 முதல் 12.9 வரை, வெந்நீர் நாட்களில் 10.4 முதல் 13.1 வரை. வீட்டு மீட்டருக்கே பதினைந்து விழுக்காடு முன்னே பின்னே காட்ட அனுமதி உண்டு, ஆகவே இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. உப்புசமும் இல்லை, வோக்லிபோஸ் போனதும் அதுவும் போய்விட்டது. இரண்டு கரண்டி சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பை வைத்த நாட்களில் மட்டும் அளவு பத்துக்குக் கீழே வந்தது. ஒரே ஆளிடம், எது கஷாயம் எது வெந்நீர் என்று மறைக்காமல், சமையலறையில் செய்தது; இதை வைத்து இலையைப் பற்றிப் பொதுவாக எதுவும் சொல்ல மாட்டேன், இவருக்கு இந்த அளவில் இது பயனில்லை என்று மட்டும் சொல்வேன்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 7.6. வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருக்கிறது. அடுத்த கரேமுக்கு முன்னால் மாத்திரை அளவைப் பேச ஆஸ்பத்திரியில் தேதி வாங்கியிருக்கிறார்கள். இவர் எண்களைப் பார்த்தார், இலையை விட்டார், பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அடுத்த கேள்வி தயாராக இருந்தது.

"சரி தம்பி, அப்போ மார்கோஸ்?"

பாகற்காயை இங்கே அப்படித்தான் சொல்வோம். அதையும் இதே பல்கலைக்கழகத்தில் எலிக் குடலைப் புரட்டிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், குளுக்கோஸ் குடல் சுவரைத் தாண்டுவதைக் குறைத்தது. அது நொதி அல்ல, வேறு வாசல். கறியாகச் சாப்பிடுங்கள், ஜூஸாகக் குடிப்பதானால் க்ளிக்லசைட் சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, மீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடியுங்கள் என்றேன். ஜூஸ் வேண்டாம், கசக்கும், வறுத்தே சாப்பிடுகிறேன் என்றார்.